வெள்ளைப் பூ, சிவப்புப் பூ

வாசற்படியில் செருப்பு கழற்றும் ஒலி. ஒன்று விழும். சற்று நேரம் சத்தமே இராது. பிறகு மற்றொன்று விழும். எத்தனையோ வருடங்களுக்கு முன் கேட்டது; இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாசிலாமணி வந்துட்டார்" என்பார் அம்மையார், நிமிராமலே.

அம்மையார் அந்தச் சிறிய மடத்தின் தலைவி. சீடர் மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். பக்கத்துச் சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கீப்பர். மதியம் வீட்டுச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், மாலையில் மடம். ஓசூரில் ஒரு கம்பெனி இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகக் கூப்பிட்டதிலிருந்து அந்தக் குட்டித் தூக்கமும் போய்விட்டது.

"போகவா, இருக்கவா, அம்மா?"

"நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?"

"நேத்து நீங்க பதில் சொல்லலையே."

"முந்தாநாள் போங்கன்னேன். அந்த ஊர்க் குளிர் ஒத்துக்காதுன்னீங்க. அதுக்கு முன்னாடி இருங்கன்னேன். பொண்ணு செண்பகவல்லியை நர்சிங் படிக்க வைக்க இந்தச் சம்பளம் பத்தாதுன்னு அழுதீங்க. நான் இன்னும் என்னதான் சொல்றது?"

"நாளைக்குள்ள சொல்லணுமாம். பூப்போட்டுப் பார்த்துடலாம் அம்மா. வெள்ளை வந்தா போறேன். சிவப்பு வந்தா இருக்கேன்."

"சாமி சொன்னா கேப்பீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? சாமி சொல்லிக் கேக்காம இருப்பேனா?"

அம்மையார் கூடையிலிருந்து ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் எடுத்தார். தனித்தனியே வாழைச் சருகில் மடித்துக் கட்டி, குலுக்கி, சந்நிதியில் போட்டார்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"இது கொஞ்சம் வாடியிருக்கே" என்றார். "வாடின பூ செல்லுமா?"

அம்மையார் புதுப் பூ வைத்துக் கட்டினார். இம்முறை சிவப்பு.

"அப்ப என் பொண்ணு படிப்பு?"

"சாமியையே கேளுங்க."

"கோவிச்சுக்காதீங்க அம்மா. வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு வந்திருக்கு. கடைசியா ஒரே ஒரு தடவை."

அம்மையார் முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். பொட்டலங்களை அவர் முன் போட்டார். குலுக்கவில்லை.

மாசிலாமணி ஒன்றைப் பிரித்தார். வெறும் சருகு. அவசரமாக மற்றதைப் பிரித்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"என்னம்மா விளையாட்டு இது? பூவையே காணோம்!"

"வெள்ளை வந்துச்சு, பிடிக்கல. சிவப்பு வந்துச்சு, அதுவும் பிடிக்கல. உங்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் ரெண்டிலயும் வச்சுக் கட்டினேன்."

மாசிலாமணி சருகுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்.

ஓசூர் வேலைக்கு வேறொருவர் போனார். செண்பகவல்லி பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.