சாயப்பட்டறையில் ஓர் உப்பு மூட்டை

"தூ! இன்னும் கரிக்குதே அம்மிணி!"

நாக்கு நுனியில் வைத்த தண்ணீரைக் காறித் துப்பினார் மாரப்பன்.

திருப்பூரில் அந்தச் சாயப்பட்டறைக்கு அவர்தான் மாஸ்டர். அவர் போடும் சிவப்பை இன்னொருத்தர் போட முடியாது. அதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். பொய்யில்லை என்பதால் யாரும் மறுப்பதில்லை.

அம்மிணி என்றது சௌதாமினியை. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ண வந்த இன்ஜினியர். அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் இந்த வேலையில் அவருக்கு அவள்தான் வாத்தியார்.

முதலாளி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. இதே தண்ணியில திரும்பச் சாயம் போட முடிஞ்சா பட்டறை ஓடும். இல்லீன்னா பூட்டுத்தான்."

வேலை என்னவோ எளிது. கழிவில் நிறத்தை அழிக்கும் பெராக்சைடு மருந்தை ஊற்றி, புற ஊதா விளக்கு எரியும் குழாய்க்குள் சுற்றவிட வேண்டும். மாரப்பனுக்குத்தான் பொறுமை கிடையாது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துனா சீக்கிரம் வெளுத்துருமில்ல?"

"தாராளமா ஊத்துங்கண்ணா. மிச்சம் நிக்கிறது உங்க சிவப்பையும் தின்னுட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு, மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்காமல் அவர் குழாயைத் திறந்ததே இல்லை.

மை மாதிரி உள்ளே போன தண்ணீர் இளநீர் மாதிரி வெளியே வந்தது. உப்பு மட்டும் போகவில்லை.

"நிறத்தைத் தின்னுச்சு, சரி. உப்பை ஏன் விட்டுருச்சு? அதைச் சொல்லிக் குடுங்க."

பதிலுக்குச் சௌதாமினி அந்தத் தண்ணீரைச் சாயத் தொட்டிக்கு விடும்படி கையைக் காட்டினாள்.

மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் துணியை இறக்கினார், சாயத்தைக் கரைத்து ஊற்றினார். பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

"உப்பு மூட்டையைக் கொண்டாங்கப்பா!"

மூட்டை வந்தது. சௌதாமினி அதன்மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன அம்மிணி வெளையாட்டு! எந்திரிங்க. என்ற பேரே கெட்டுப் போயிரும்!"

"சாயத்துக்கு உப்பு வேணுங்களாண்ணா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! உப்பு இல்லாமச் சாயம் துணியில ஏறுமா? காலமெல்லாம் மூட்டை மூட்டையா நான் கொட்டுறது எதுக்..."

பேச்சு பாதியில் நின்றது.

மாரப்பன் விறுவிறுவென்று குழாயடிக்குப் போனார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். இந்த முறை துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"உப்பு கொஞ்சந்தான் கொறையுது. அதை வேற மூட்டையில எடுத்துக்கறேன். நீங்க உக்காந்தே இருங்க அம்மிணி."

சாயங்காலம் துணி காய்ந்தது. முதலாளி அதைப் பழைய சிவப்புத் துண்டோடு சேர்த்து வெயிலில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது பழசு, எது புதுசு என்றே தெரியவில்லை.

"மாஸ்டர், நெசத்தைச் சொல்லுங்க. இது எந்தத் தண்ணியில போட்டது?"

மாரப்பன் சௌதாமினியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு பட்டறைக்கே கேட்கும்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"நான் காறித் துப்புன தண்ணியிலதானுங்க!"