மந்தாரை இலையும் ஒரு முள்ளும்

பங்குனித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், புதன்கிழமை. காலையிலேயே வெயில் சுட்டது. வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. மேற்கிலிருந்து வீசிய அனற்காற்று மூங்கில் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது.

அன்றுதான் முள்ளி என்னும் பெண் முள்ளம்பன்றி, தன் வளையின் உள்ளறையில் இருந்த கிழங்குக் குவியலைப் பார்த்துத் திடுக்கிட்டது. குவியலா அது? ஒரு மூலையில் நான்கு வள்ளிக்கிழங்குகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு கிடந்தன. உண்பதற்கோ வீட்டில் ஐந்து வாய்கள் இருந்தன.

அந்த மூங்கிலோடைக் காட்டில் கோடைதோறும் ஓர் ஏற்பாடு உண்டு. ஓடை வற்றியதும் முள்ளம்பன்றிகள் அதன் மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். காற்று மணலைச் சரித்து ஊற்றை மூடிவிடும். ஆகையால் நாள்தோறும் தோண்ட வேண்டும். காட்டு விலங்குகள் அனைத்தும் அந்த ஊற்றில்தான் நீர் குடித்தன. இந்த வேலைக்குக் கூலி, கிழங்கு. பெருநடையாள் என்னும் மூத்த பெண்யானை, பௌர்ணமியன்று அகலப்பாறையின்மேல் கிழங்குகளைப் பரப்பி, உழைத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். இடையில் வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பங்கு கிடையாது.

முள்ளியின் கணவனாகிய கூரன் நல்ல உழைப்பாளி. ஆனால், கூலி வாங்கிய நாளில் அதன் கை ஓரிடத்தில் நிற்காது. சென்ற பௌர்ணமியன்றும் அப்படித்தான் நடந்தது. கடைக்குட்டியின் முதுகில் முதல் முள் முளைத்திருந்தது. உடனே உறவினரையெல்லாம் அழைத்து மூன்று நாள் விருந்து வைத்துவிட்டது கூரன். வந்தவை வாழ்த்தின. வாழ்த்திக்கொண்டே தின்றன.

“கிழங்கு எவ்வளவு இருக்கிறது?” என்று கூரன் மெல்லக் கேட்டது.

“நீங்களே எட்டிப் பாருங்கள். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது!” என்றது முள்ளி.

கூரன் எட்டிப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டது. “நிலாவும் இன்னும் பாதிதானே வளர்ந்திருக்கிறது?”

“ஆமாம். மீதிப் பாதியையும் உங்கள் பெரியப்பா வீட்டார் விருந்தில் தின்றுவிட்டார்கள் போலும்!”

குட்டிகள் மூன்றும் சிரித்தன. கூரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்குட்டிக்கு மட்டும் ஓர் ஐயம் எழுந்தது. “அம்மா, நிலா நாளுக்கு நாள் பெருக்கிறதே, அதற்கு மட்டும் யார் கிழங்கு கொடுக்கிறார்கள்?”

“அது பக்கத்து வீட்டு நட்சத்திரங்களோடு பகிர்ந்து உண்கிறது, கண்ணே!” என்று சொன்ன முள்ளி, சொன்ன சொல்லைத் தானே ஒருமுறை நினைத்துப் பார்த்தது.

அப்போது வளையின் வாயிலில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு காது சரிந்த நரி ஒன்று அங்கே நின்றது. அதன் பெயர் சாய்காதன். அது குடியிருந்த பாறைக்குகை, கோடையில் அடுப்பைப் போலக் கொதிக்கும். முள்ளியின் வளையோ மண்ணுக்குள் ஆழமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. அதன்மேல் நரிக்கு நெடுநாளாகக் கண்.

“முள்ளியக்கா! குழந்தைகள் துரும்பாய் இளைத்துவிட்டார்களே! என் வயிறு எரிகிறது!” என்றது சாய்காதன். “ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கரும்புத் தோட்டம் இருக்கிறது. கடித்தால் சாறு காதுவரை வழிகிறது! இன்றே குடும்பத்தோடு புறப்படுங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை இந்த வளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

கூரனின் நாவில் நீர் ஊறியது. முள்ளி கேட்டது: “கரும்பு அவ்வளவு இனிப்பா, தம்பி? பிறகு நீ ஏன் போகவில்லை?”

“எனக்குப் பல்வலி, அக்கா.”

“அப்படியா? நேற்று நீ எலும்பு கடித்த ஓசை எங்கள் உள்ளறைவரை கேட்டதே!”

சாய்காதன் இருமிக்கொண்டே, “யோசித்துச் சொல்லுங்கள்” என்று நகர்ந்தது.

கூரன் தயங்கியது. “குட்டிகள் பட்டினி கிடப்பதைவிடப் போவது நல்லதல்லவா?”

“நன்றாகச் சொன்னீர்கள்! மூன்று இரவு ஆளில்லாமல் கிடக்கும் வளை, நுழைந்தவருக்கே உரியது. இது இந்தக் காட்டின் விதி. நாம் போனால் வளை நரிக்கு. வேலையை விட்டதால் பௌர்ணமிக் கூலியும் இல்லை. தோட்டக்காரன் தடியோடு வந்தால் கரும்பும் இல்லை. பிறகு இந்தக் குட்டிகளை எங்கே கிடத்துவது?”

கூரன் ஊற்றுத் தோண்டப் புறப்பட்டது.

முள்ளி ஒரு கிழங்கை எடுத்தது. அதன் தலைப்பகுதியை மட்டும் நறுக்கி, ஊற்றின் ஈரக்கரையில் ஊன்றிவரும்படி மூத்த மகளிடம் கொடுத்தது. எஞ்சியதைக் கல்லின்மேல் வைத்து நன்றாக மசித்தது. வெள்ளத்தில் அடித்துவந்த கொட்டாங்கச்சிகள் சில அதனிடம் இருந்தன. அவற்றுள் இரண்டில், ஆளுக்கு ஒரு வாய் அளவு மசியலை நிரப்பியது. அவற்றை மந்தாரை இலையால் மூடியது. இலை நழுவாதபடி, தன் முதுகிலிருந்து உதிர்ந்த மெல்லிய முள் ஒன்றை ஒவ்வொன்றிலும் ஊசி போலக் குத்தித் தைத்தது.

“இது எதற்கு, அம்மா?” என்றது திரும்பி வந்த மூத்தவள்.

“ஒன்று முயல் பஞ்சி வீட்டிற்கு. மற்றொன்று குரங்கு கொம்பேறி வீட்டிற்கு.”

மாலையில் இதைக் கேட்ட கூரனுக்கு முட்கள் சிலிர்த்தன. “இருப்பதே கையளவு! இதில் ஊருக்குப் பங்கா? விருந்து வைத்ததற்கு என்னைத் திட்டிவிட்டு, நீ என்ன செய்திருக்கிறாய்?”

“விருந்து வேறு, இது வேறு” என்றது முள்ளி. “பஞ்சியின் வீட்டில் கீரை மட்டுமே இருக்கிறது. கீரையே தின்று அதன் குட்டிகளுக்கு வயிறு கலங்கிவிட்டது. கொம்பேறியின் வீட்டில் புளியங்காயும் அத்திக்காயும் மட்டுமே. அங்கே எல்லாருக்கும் பல் கூசிக் கிடக்கிறது. நம் வீட்டில் கிழங்கு மட்டுமே. எந்த வீட்டிலும் ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. எல்லா வீட்டிலும் ஒன்று மட்டுமே இருக்கிறது. அவ்வளவுதான் குறை!”

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பண்டம் வந்த ஏனத்தை எவரும் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒரு பூவையாவது இட்டுத்தான் அனுப்புவார்கள். வெறும் ஏனம் வந்தால், ‘இனி உன் உறவு வேண்டா’ என்று பொருள்.

இருட்டுவதற்குள் இரண்டு கொட்டாங்கச்சிகளும் திரும்பி வந்தன. ஒன்றில் பச்சைக் கீரை அமுங்க அமுங்க நிறைந்திருந்தது. மற்றொன்றில் புளியங்காய்களும் பழுத்த அத்தி இரண்டும் இருந்தன. முள்ளி எல்லாவற்றையும் மீதி மசியலோடு சேர்த்துப் பிசைந்தது. குட்டிகள் கல்லை நக்கித் துடைத்துவிட்டன.

“விருந்தைவிட இது சுவையாக இருக்கிறது!” என்றது நடுக்குட்டி.

“இதை உன் பெரிய தாத்தா காதில் போட்டுவிடாதே. மறுபடியும் வந்துவிடுவார்!” என்றது கூரன்.

இவ்வாறு கொட்டாங்கச்சிகள் வீட்டுக்கு வீடு நடந்தன. ஒரு நாளில் தீர வேண்டிய கிழங்கு இரண்டு நாள் வந்தது. நிலாவின் வயிறும் மெல்லப் பருத்தது.

புதரில் மறைந்திருந்து இவற்றையெல்லாம் பார்த்த சாய்காதனுக்குப் பொறுக்கவில்லை. “இந்தக் கொட்டாங்கச்சி நடக்கும்வரை இவர்கள் நகரமாட்டார்கள்!” என்று பல்லைக் கடித்தது.

ஒரு நாள் நண்பகலில் மணல், கடலை வறுக்கும் சட்டியைப் போலக் காய்ந்திருந்தது. மூத்தவள் கொட்டாங்கச்சியோடு வெளியே வந்து, கால் சுட்டுத் துள்ளியது. சாய்காதன் ஓடிவந்தது.

“ஐயோ, பிஞ்சுக் கால்கள்! முள்ளியக்கா, இப்படிக் கொடுங்கள். பஞ்சியின் வீட்டுப் பக்கந்தான் போகிறேன். நானே கொடுத்துவிடுகிறேன்!”

முள்ளி சற்றுத் தயங்கியது. மகளின் சிவந்த பாதங்களைப் பார்த்ததும் கொட்டாங்கச்சியைக் கொடுத்துவிட்டது.

காரைப்புதரின் பின்னே சென்றதும் சாய்காதன் இலையைப் பல்லால் கவ்வி இழுத்தது. அவசரத்தில் அதன் கண்ணுக்கு முள் தெரியவில்லை. சுருக்கென்று மேலுதட்டில் ஏறிவிட்டது! முன்காலால் தேய்த்துப் பார்த்தும் அது வரவில்லை. கத்தினால் அகப்பட்டுக்கொள்ள நேரும். கண்ணீர் வழிய வழிய மசியலை நக்கித் தீர்த்தது. பிறகு வெறும் கொட்டாங்கச்சியைப் பஞ்சியின் வாயிலில் வைத்து, “முள்ளி கொடுத்தது!” என்று முனகிவிட்டு ஓடிவிட்டது.

வெயில் தாழும் நேரத்தில் பஞ்சி இரு காதுகளும் விறைக்க வந்து நின்றது.

“முள்ளியண்ணி! என் கீரை கசந்துவிட்டதா? பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே! என் பிள்ளைகள் பார்க்கும்படி வெறும் ஏனத்தை அனுப்ப வேண்டுமா? கொம்பேறியிடமும் சொல்லிவிட்டேன். இனி அதுவும் அனுப்பாது!”

“அடி பஞ்சி, என்ன சொல்கிறாய்? நிரப்பித்தானே அனுப்பினேன்!”

“நிரப்பினாயா? காற்றையா நிரப்பினாய்?”

உள்ளறையில் கடைசிக் கிழங்கு ஒன்றே கிடந்தது. நிலா நிறையவோ இன்னும் சில நாள் இருந்தது. ஊற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கூரன் பெருமூச்செறிந்தது. “போதும், முள்ளி. உறவும் போய்விட்டது. குட்டிகளைக் கூப்பிடு. கரும்புத் தோட்டத்திற்கே போய்விடுவோம்.”

முள்ளி முதன்முறையாக மறுக்காமல் நின்றது.

சாய்காதன் இதற்காகவே காத்திருந்தது. ஒரு பூவரச இலையால் வாயை மறைத்துக்கொண்டு வந்து, “புறப்படுங்கள், புறப்படுங்கள்! வெயில் தாழ்ந்துவிட்டது. நடக்க இதமாக இருக்கும்” என்றது. அதன் குரல் மூக்கால் வந்தது.

“வாயில் என்ன, தம்பி?” என்றது முள்ளி.

“பல்வலி என்று அன்றே சொன்னேனே!”

கடைக்குட்டி மட்டும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது. இலைக்கு அடியில் இருப்பது அதற்குத்தான் தெரிந்தது. அது மகிழ்ச்சியோடு கைகொட்டிக் கூவியது:

“அம்மா! அப்பா! நரி மாமாவுக்கும் முதல் முள் முளைத்திருக்கிறது! இவருக்கும் விருந்து வைக்க வேண்டாமா?”

எல்லாக் கண்களும் நரியின் பக்கம் திரும்பின. திடுக்கிட்ட நரி இலையைக் கைவிட்டது. மேலுதட்டில், கறுப்பும் வெள்ளையுமாக, முள்ளியின் முள் நின்றது. அதன் நுனியில் மந்தாரை இலையின் ஒரு துணுக்கும் தொங்கியது.

பஞ்சியின் காதுகள் மெல்லத் தாழ்ந்தன. “அண்ணி… என் கொட்டாங்கச்சியைத் தைத்த முள்ளா அது?”

“ஆம். விருந்துக்கு முன்னரே விருந்தாளி உண்டுவிட்டார்!” என்றது முள்ளி.

கூரன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னே வந்தது. முள்ளி அதைத் தடுத்தது. அது நரியின் அருகில் சென்று, முள்ளைப் பல்லால் பற்றி ஒரே இழுப்பில் பிடுங்கியது. சாய்காதன் போட்ட கூச்சலில் மூங்கிற்புதரிலிருந்த பறவைகள் எல்லாம் பறந்தன.

“ஏன் இப்படிச் செய்தாய்?” என்று முள்ளி கேட்டது.

“என் குகை கொதிக்கிறது, அக்கா. உங்கள் வளை குளிர்கிறது. நீங்கள் போனால் நான் நுழையலாம் என்று நினைத்தேன்.”

“தோண்டுவதே என் தொழில்!” என்றது கூரன். “வாய் திறந்து கேட்டிருந்தால், உனக்கும் ஒரு வளை தோண்டித் தந்திருப்பேனே! இனிக் கேட்காதே. ஓடு!”

சாய்காதன் ஓடியது.

பஞ்சி முள்ளியின் தோளில் தலைசாய்க்க வந்தது. முட்களைக் கண்டு இரண்டடி தள்ளி நின்றே மன்னிப்புக் கேட்டது. பிறகு தானே ஓடிச்சென்று கொம்பேறிக்கும் செய்தி சொன்னது. அன்று மாலை வந்த கொட்டாங்கச்சிகள் மூடிய இலையைத் தள்ளிக்கொண்டு வழிந்தன.

அதன்பின் நடந்தவை இவை. கடைசிக் கிழங்கு பௌர்ணமிக்கு முந்திய நாள்வரை வந்தது. பௌர்ணமியன்று பெருநடையாள் அகலப்பாறையில் கூலியைப் பங்கிட்டது. ஒரு நாளும் ஊற்று மூடிக் கிடக்கவில்லை என்பதால், கூரனுக்கு முழுப்பங்கு கிடைத்தது. பெரியப்பா வீட்டார் அன்றே வந்து, “இம்மாதம் விருந்து உண்டா?” என்று கேட்டனர். “உண்டு. ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி கொண்டுவாருங்கள். வெறுமையாகக் கொண்டுவராதீர்கள்!” என்றது கூரன். ஊற்றின் கரையில் ஊன்றிய கிழங்குத் தலைகள் கொடிவிட்டன. சாய்காதன் அக்கரைக்குப் போயிற்று. கரும்புத் தோட்டத்தில் தோட்டக்காரன் தடியோடு இருந்தான். நரி உதட்டுத் தழும்போடு திரும்பி வந்து, தன் பாறைக்குகையிலேயே அக்கோடையைக் கழித்தது. மழை வந்ததும் கூரன் மனமிரங்கி, அதற்குச் சிறிய வளை ஒன்று தோண்டிக் கொடுத்தது.

உள்ளது சிறிதாயினும் அதைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் பசி தங்காது. பிறர் பங்கைப் பறித்து உண்டவனையோ அவன் வாயே காட்டிக்கொடுத்துவிடும்.