கோண வகிடு

மலையடிவாரத்தில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவர் தலை மழித்த பெண் துறவி. வயது நாற்பதுகூட இருக்காது. ஊரில் மொட்டையம்மா என்பார்கள். மடத்துப் பிள்ளைகளுக்கு அவர் சாமி.

தாய் தகப்பன் இல்லாத பெண் குழந்தைகள் சிலர் மடத்தில் தங்கிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டது பகவதியம்மாள். சாமியைவிட மூத்தவள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, மிச்ச நாளைச் சாமியின் காலடியில் கழிக்கலாம் என்று வந்து தீட்சை வாங்கிக்கொண்டவள்.

குழந்தைகளுக்குத் தலை வாரிவிடுவது அவள் வேலையாகத்தான் இருந்தது. எண்ணெயைப் படிய வைத்து, நூல் பிடித்தாற்போல நேர் வகிடு எடுத்து, ரெட்டைச் சடை பின்னி மடித்து ரிப்பன் கட்டிவிடுவாள். யாருக்கும் ஒரு மயிர் பிசகாது. கோடை விடுமுறையில் மணிக்கட்டில் வலி வந்து சீப்பைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் அந்த வேலை இசக்கியின் கைக்குப் போனது.

இசக்கி மாசி மாதம் வந்தவள். பதினெட்டு வயது இருக்கும். டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாளாம். ஏன் விட்டாய் என்று பகவதி கேட்டதற்கு, விட்டுட்டேன் பெரியம்மா என்று மட்டும் சொன்னாள். அந்தப் பதில் பகவதிக்குப் பிடிக்கவில்லை. விட்டேன் என்பதற்குப் பின்னால் ஒரு ஏன் இருக்கும் அல்லவா.

சீப்பு கை மாறிய பிறகு குழந்தைகளின் தலையே மாறிவிட்டது. ஒருத்திக்கு மீன் முள் மாதிரி பின்னல். ஒருத்திக்கு உச்சியைச் சுற்றிக் கிரீடம்போல ஒரு சடை. இன்னொருத்திக்குக் காதோரம் தொடங்கித் தலையைக் குறுக்கே கடந்து மறு தோளில் வந்து விழும் சடை. திங்களில் பார்த்தது செவ்வாயில் இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வகிடும் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போனது. எந்தத் தலையிலும் நேர் வகிடு மட்டும் கிடையாது.

ஒருநாள் பகவதி பிள்ளைகளில் மூத்த பெண்ணைப் பிடித்து, ஏளா, நேரா எடுக்கத் தெரியாதா அவளுக்கு என்று கேட்டாள்.

"தெரியும் பெரியம்மா. நாங்கதான் கோணலாக் கேட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று பகவதிக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் கண் இசக்கியைவிட்டு நகரவில்லை. ஜபமாலை உருட்டும்போதுகூட உருண்டது மாலைதான். மனசு இசக்கியின் அறை வாசலில் நின்றது. பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை, சடை யார் போட்டது என்று குழந்தைகளிடம் விசாரித்தாளாம். எதற்கு விசாரிக்க வேண்டும்? இப்படி ஆசை காட்டித்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அழகு, அலங்காரம் என்று தொடங்கும். எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? நாலு பெண்ணைப் பெற்று வளர்த்தவளுக்கு அந்தப் பயம் வந்ததில் தப்பில்லை.

பயத்தில் பெரிய பயம் மாரிக்கனியைப் பற்றி. பள்ளிக்கூடம் திறந்தபோது மடத்துக்கு வந்த சின்னக் குழந்தை அது. மற்றவர்களுக்கெல்லாம் கூடத்தில் உட்கார்த்தித் தலை பின்னுகிற இசக்கி, மாரிக்கனிக்கு மட்டும் அறைக்குள் வைத்துப் பின்னினாள். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அவளுக்குத்தான் முதலில், பிறகுதான் மற்றவர்கள்.

பகவதி ஒருநாள் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்து, இங்கே வா, பெரியம்மா சடையை அவிழ்த்து நல்லாப் பின்னிவிடுகிறேன் என்று ரிப்பனில் கை வைத்தாள். அவ்வளவுதான். குழந்தை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. திமிறி ஓடி, இசக்கியின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இசக்கி பகவதியைப் பார்த்தாள்.

சும்மா ஒரு சடையை அவிழ்த்தால் பிள்ளை இப்படி அலறுமா?

மறுநாள் விடியற்காலை பகவதி அந்த அறைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தாள். இப்படிச் செய்வது தப்பென்று அவளுக்குத் தெரியும். முருகா மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். இசக்கி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. அதை விரலில் தொட்டு, குழந்தையின் தலையில் ஓரிடத்தில் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கும்போது உதடு அசைந்தது. குழந்தை கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் பிறந்த ஊரில் மை வைத்து மனுஷரை மயக்குகிறவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். எந்த ஊரில் எந்தச் சுடுகாட்டில் காய்ச்சிய மையோ. பச்சைப் பிள்ளையின் உச்சந்தலையில் அல்லவா வைக்கிறாள்.

சாமி ஆற்றங்கரைப் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பகவதி மூச்சு வாங்க வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோண வகிடு, சாத்திய கதவு, பஸ் நிறுத்தத்தில் விசாரித்த பெண், மை.

"காலை பஸ்ஸுக்கு அவளை அனுப்பிவிடுங்கள் தாயே. பிள்ளைகள் நம்மை நம்பி இருக்கிறார்கள்."

சாமி கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"அவள் ஒளிக்கிறாள் என்று தெரிகிறது. எதை என்றுதான் தெரியவில்லை. மூடி வைத்ததை எப்படித் தாயே நம்புவது?"

"காலை பஸ் வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?"

"இருக்கிறது. பிள்ளைகள் கிளம்பிய பிறகுதான் வரும்."

சாமி இசக்கியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மற்ற பிள்ளைகளுக்கும் பின்னி முடித்துவிட்டு வந்து கையைக் கட்டி நின்றாள். பஸ் என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கும், முகம் வெளுத்திருந்தது.

"இசக்கி, மாரிக்கனிக்கு என்ன செய்கிறாயோ, அதை அப்படியே பகவதியக்காவுக்குச் செய். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

பகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

இசக்கி மெதுவாகக் கேட்டாள். "கதவைச் சாத்தலாமா சாமி?"

"அந்தப் பிள்ளைக்குச் சாத்துவாயா?"

"ஆமா."

"அப்படியானால் சாத்து."

அறைக்குள் பகவதி மணையில் உட்கார்ந்தாள். இசக்கி பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊசி கழன்ற ஒவ்வொரு முறையும் பகவதியின் தோள் விறைத்தது. பின்னால் இருப்பவளின் முகம் தெரியவில்லை. என்ன செய்யப் போகிறாள் என்று தெரியவில்லை. வாய் கந்த சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்தது.

சீப்பு இறங்கியது. சிடுக்கு வந்த இடத்தில் வெடுக்கென்று இழுக்காமல், அடியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். இது மயக்குகிற வேலை என்று பகவதி உஷாரானாள். இப்படித்தான் இதமாகத் தொடங்குவார்கள்.

சீப்பு நுனி நெற்றியில் தொட்டு மேலே போனது. நடுவில் போகவில்லை. ஓரத்தில் தொடங்கி, வளைந்து, மறுபடி வளைந்து போனது.

"ஏன் கோணலா எடுக்கிற?"

சீப்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே குழந்தைகள் கிசுகிசுத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பகவதிக்கு எரிந்தது. கிழவிக்கு வேஷம் கட்டுகிறார்கள். வெளியே போனதும் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள்.

அப்போது டப்பா திறக்கும் ஓசை. உச்சந்தலையில், நடு வகிடு போகும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குளிர்ச்சியாக ஒரு விரல் பட்டது.

பகவதி எழுந்துவிடப் பார்த்தாள். எழவில்லை. ஏனென்றால் விரல் பட்ட இடம் எது என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் அவளுக்கு முடி கொட்டி உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. வருஷக்கணக்காக இழுத்துப் பிடித்து நேர் வகிடு எடுத்துக் கொண்டை போட்டது காரணமோ, வயசோ. பெற்ற பெண்களுக்குக்கூடத் தெரியாது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அவள் இல்லை என்றதில்லை.

விரல் மெல்லச் சுற்றிச் சுற்றித் தேய்த்தது. பிறகு பக்கத்து முடியை எடுத்து அந்த இடத்தின்மேல் படிய விட்டு, குறுக்கே ஒரு பின்னலாகப் பின்னிக்கொண்டே போனது. இசக்கி ஏதோ முணுமுணுத்தாள். பகவதி காதைக் கூர்மையாக்கினாள். சடையின் எந்தக் கால் எதன்மேல் போக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இது அடியில, இது மேல, இது அடியில.

முடிந்ததும் ஒரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, இன்னொன்றைப் பின்னால் பிடித்தாள். பகவதி பார்த்தாள். நரைத்த முடியில் கோணலாக ஒரு வகிடு. அதைக் கடந்து ஒரு பின்னல். அடியில் கறுப்பு. வழுக்கை இருந்த இடம் எங்கே என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது என்ன மை?"

"கண் மைதான் பெரியம்மா. பேன்ஸி கடையில விக்கிறது. கல்யாணப் பொண்ணுகளுக்கு நெத்தியில முடி கம்மியா இருந்தா இப்பிடித்தான் தடவுவோம்."

பகவதி கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே கேட்டாள்.

"மாரிக்கனிக்கு எங்க?"

இசக்கி டப்பாவை மூடினாள். "சொல்ல மாட்டேன் பெரியம்மா."

"நான் கேக்கிறேன். இங்க பொறுப்பு எனக்கு."

"கோவிச்சுக்காதீங்க. ஒங்க தலையில என்ன இருக்குன்னு நாளைக்கு மாரிக்கனி கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்."

பகவதியின் கை தன் உச்சந்தலைக்குப் போனது.

"காலை பஸ்ஸுக்குப் பையை எடுத்து வைக்கவா?" என்று இசக்கி கேட்டாள்.

பகவதி கதவைத் திறந்தாள். வெளியே குழந்தைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லார் தலையிலும் கோண வகிடு. கூட்டத்தில் மாரிக்கனி எது என்று தலையை வைத்துச் சொல்லவே முடியாது. பெரியம்மாவின் சடையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். மூத்த பெண் மட்டும், நல்லா இருக்கு பெரியம்மா, நீங்களும் எங்க கூடச் சேந்தாச்சு என்றாள்.

புன்னை மரத்தடியில் கீரை உருவி முடிந்திருந்தது. சாமி காம்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பகவதி போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். தலையை மூடவில்லை. சாமி தலையைப் பார்க்கவும் இல்லை.

"அவளை அனுப்ப வேண்டாம் தாயே."

"சரி."

பகவதிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தழும்பா, தீப்பட்டதா, புழுவெட்டா என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அந்தப் பிள்ளை தலையில் என்ன என்று உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"இசக்கியைக் கேட்கவில்லையா?"

"இல்லை."

"ஒன்றும் தெரியாமலா தாயே இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தீர்கள்?"

சாமி தம் மழித்த தலையைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்ததுபோல் இருந்தது.

"வந்த புதிதில் மாரிக்கனி என்ன கேட்டாலும் என் பாதத்தைப் பார்த்துத்தான் கேட்கும். நேற்று என் எதிரில் வந்து நின்றுகொண்டு, 'சாமி, ஒங்களுக்கு முடி மொளச்சா மொத சடை நான்தான் பின்னுவேன்' என்றது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அக்கா."