ஹெக்டர் துரை கேட்டதும் கேக்காததும்

ஒரு ஊர்ல ஒரு துரை இருந்தார். நம்ம ஊர் இல்ல, கண்ணு. ஸ்காட்லாந்துன்னு ரொம்ப தூரம், ரொம்பக் குளிர். அங்கே மழை பெஞ்சா யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. நின்னாத்தான் பேசிப்பாங்க.

"ம்."

துரை பேரு ஹெக்டர். பரம்பரைப் பிரபு. ஒரு தீவே அவருக்குச் சொந்தம். லண்டன் பார்லிமெண்டுலயும் ஒரு நாற்காலி. ஏழைங்களுக்காக மணிக்கணக்கா பேசுவார். பக்கத்து நாற்காலிப் பிரபுங்க கொர்ர்னு குறட்டை விடுவாங்க. அவர் நிறுத்த மாட்டார்.

"அவர் நல்லவரா, கெட்டவரா?"

நல்லவர்தான். அதுதான் கஷ்டம்.

தீவுல நாப்பது வீடு. அதுல ஒரு வீட்டுல மோராக்னு ஒருத்தி. புருஷனைக் கடல் கொண்டு போச்சு. ரெண்டு பிள்ளைங்களைக் காய்ச்சல் கொண்டு போச்சு. பிள்ளைங்களைக் குன்று மேல புதைச்சு, அடையாளத்துக்குக் கல்லு நட்டிருந்தா. அந்தக் குன்றை விட்டு எங்கயும் போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு இருந்த ஆசை.

அந்த ஜனங்களுக்கு ஒரு பழக்கம். பெரியவங்க ஏதாவது சொன்னா பதில் பேச மாட்டாங்க. மிளகாயைக் கடிச்சா மூச்சை உள்ளே இழுப்போமே, அது மாதிரி இழுப்பாங்க.

"ஸ்ஸ்."

அதேதான்.

அப்புறம் ஒரு வருஷம் உருளைக்கிழங்கு எல்லாம் மண்ணுக்குள்ளயே அழுகிப்போச்சு. அங்கே அதுதான் சோறு. துரை குதிரை மேல வந்தார், டக் டக் டக். அவங்க பாஷை அவருக்கு அரைகுறையாத்தான் தெரியும். "கஞ்சி ஊத்தட்டுமா?"ன்னு கேட்டார். ஜனங்க "ஸ்ஸ்"னாங்க. ஊத்தினார். குடிச்சாங்க.

அப்புறம் மறு வருஷம் வந்தார், டக் டக் டக். "பள்ளிக்கூடம் கட்டட்டுமா?" "ஸ்ஸ்." கட்டினார். வந்த வாத்தியாருக்கு அவங்க பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. பிள்ளைங்க வாயே திறக்காம உக்காந்திருந்துதுங்க. துரை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, "என்ன அடக்கம்"னு பூரிச்சுப் போனார்.

மூணாவது வருஷம் மறுபடியும் கிழங்கு அழுகிச்சு. எல்லாரும் செத்துப் போயிடுவாங்களேன்னு துரை நிஜமாவே அழுதார். அப்போ கனடாவுல நிலம் வாங்கி, கப்பல் பிடிச்சு, கரையில வந்து நின்னார். "அங்கே வீட்டுக்கு ஒரு நிலம், வயிறு நிறையச் சோறு. கட்டாயம் இல்ல. போறீங்களா?"

நாப்பது வீடும் "ஸ்ஸ்"னுது.

மோராக்கைத் தனியாவும் கேட்டார். "நீயும்தானேம்மா?"

அவளும் "ஸ்ஸ்"னா.

"ஏன் பாட்டி? மாட்டேன்னு சொல்லலாம்ல?"

சொல்லி யாருக்குப் பழக்கம்? அவ பாட்டிக்குப் பாட்டி காலத்துலேர்ந்து, துரை முன்னாடி அந்த வார்த்தை யார் வாயிலயும் வந்ததில்ல.

அப்புறம் கப்பல் வந்துது. பாய் படபடன்னு அடிச்சுது. எல்லாரும் ஏறினாங்க. கப்பல் நகர்ந்ததும் தண்ணி மேல ஒரு ஓலம் வந்துது பாரு. காத்தா கடலான்னு துரைக்கு முதல்ல புரியல. அப்புறம்தான் அது அழுகைன்னு தெரிஞ்சுது. பக்கத்துல ஈவன்னு ஒரு படகுக்காரன் நின்னிருந்தான், துரையை எப்பவும் தீவுக்குக் கொண்டு வந்து விடறவன். எதிர்க்கரைக்காரன், ஆனா அதே பாஷை பேசறவன்.

"ஏன்டா அழறாங்க? சம்மதிச்சுத்தானே ஏறினாங்க?"

"எப்போ சம்மதிச்சாங்க, துரை?"

"கேட்டப்பல்லாம் 'ஸ்ஸ்'னாங்களே."

"சொன்னது காதுல விழுந்துதுன்னு அதுக்கு அர்த்தம். சம்மதம்னா வாய் திறந்து சொல்லுவோம்."

"இத்தனை வருஷமா நீ ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க பேசினப்பல்லாம் நானும் 'ஸ்ஸ்'னுட்டுத்தானே நின்னேன்?"

"ஆனா அவர்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டாரே, பாட்டி."

கேட்டார். கேக்கல.

"ம்."

அப்புறம் துரை கப்பல் பின்னாடியே கடுதாசி அனுப்பினார். திரும்பி வரணும்னா சொல்லுங்க, நானே கூட்டிக்கறேன்னு. எட்டு மாசம் கழிச்சு மோராக்கிட்டேர்ந்து பதில் வந்துது. யாரோ எழுதிக் கொடுத்தது. "துரைக்கு. இன்னொரு தரம் கடல் தாண்ட எனக்கு உசிர் இல்ல. என் பிள்ளைங்க கல்லு மேல புல் மண்டாம பார்த்துக்கோங்க." அவகிட்டேர்ந்து அவருக்கு வந்த முதல் வார்த்தை அதுதான்.

துரை பார்லிமெண்டை விட்டுட்டு வந்தார். குன்று மேல ஏறினார். அங்கே நூறு கல்லு. சின்னது, பெரிசு, சாஞ்சது. ஒண்ணுலயும் பேர் கிடையாது.

ஈவனைக் கேட்டார், "இதுல எது மோராக்கோட பிள்ளைங்க?"

"எனக்கெப்படித் தெரியும், துரை? தெரிஞ்சவங்க எல்லாம் கப்பல்ல போயாச்சே."

அப்போ துரை முட்டி போட்டு உக்காந்தார். முதல் கல்லுலேர்ந்து ஆரம்பிச்சு, சரக் சரக்னு புல்லைப் பிடுங்கினார். நகத்துல மண்ணு. முதுகுல மழை. நூறாவது கல்லுக்கு வந்து சேர்றதுக்குள்ள, முதல் கல்லுல மறுபடியும் பச்சையா முளைச்சிருந்துது.

அவர் பிடுங்கட்டும். கதை தூங்கிப்போச்சு, கண்ணு. நீயும் தூங்கு.