சைலஸின் மகள்

“பிறக்காத பிள்ளைக்கு அடக்க ஆராதனை உண்டா அம்மா?” என்று நத்தானியேல் கேட்டார்.

போதகர் ரூபவதி திருவிருந்துப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

நத்தானியேல் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு இறையியல் படித்துவிட்டு, இந்தக் கடலோர லுத்தரன் சபைக்கு ரூபவதியிடம் பயிற்சிக்கு வந்திருந்தார். ரூபவதி ஒருகாலத்தில் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். அதனால் அவரை இன்னமும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். அவர் இவரை ‘அம்மா’ என்றார்.

“யாரு கேக்குறது?”

“சைலஸ். ஐஸ் கம்பெனில வேலை பார்க்கிறானே, அவன். அவன் சம்சாரம் கிருபைக்கு அஞ்சாம் மாசம். இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில...”



“நீங்க என்ன சொன்னீங்க?”

“கல்லறைத் தோட்டம் சபையாருக்கு. ஞானஸ்நானம் வாங்கினவங்கதான் சபையார். செயலர் அருமைநாயகம் ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். வீட்டுக்குப் பின்னால வைக்கிறதுதான் வழக்கம்னும் சொன்னேன்.”

“அவன்?”

“சரின்னு தலையாட்டினான். ஆனா போகல. வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கிறான்.”

“கையில என்ன வச்சிருக்கான்?”

“ஒரு துணிப்பை.”

ரூபவதி பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“சார், வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கதானே பிரசங்கம்?”

“ஆமாம்மா. வார்த்தை மாம்சமானதைப் பத்தி, ஆண்டவர் மனுஷனா வந்ததைப் பத்தி.”

“எங்கே மாம்சமானார்?”

“பெத்லகேம்ல.”

“அதுக்கு முன்னாடி எங்கே இருந்தார்?”

“பரலோகத்தில.”

“அங்கேருந்து நேரா தொழுவத்துக்கு வந்துட்டாரா?”

நத்தானியேல் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரூபவதி வெளியே போய்விட்டார்.

சைலஸ் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

“டவுன் பஸ்லதான் வந்தேன் அம்மா. பக்கத்துல இருந்தவரு, பையைக் கீழ வையுங்க, இடம் இருக்கேன்னாரு. வைக்க மனசு வரல.”

“கிருபை பார்த்தாளா?”

“பார்க்க விடல. துணி சுத்தி என் கையில கொடுத்துட்டாங்க. எங்க வைக்கப் போறேன்னு மட்டும் கேட்டா. திரும்பிப் போனதும் மறுபடியும் கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியல.”

“பிள்ளையை என்கிட்ட தா.”

அதுவரை எல்லாரும் அவனிடம் ‘அது’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அப்படித்தான் சொன்னாள். அவனுடைய அம்மாவும் அப்படித்தான். நத்தானியேலும் அப்படித்தான்.

சைலஸ் பையோடு தரையில் உட்கார்ந்து அழுதான்.

ரூபவதியும் புடவையோடு அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார். அவன் அழுது ஓயட்டும் என்று காத்திருந்தார்.

“என்ன பிள்ளைப்பா?”

“பொண்ணும்மா.”

நத்தானியேல் குனிந்து மெதுவாகச் சொன்னார். “அம்மா, ஞானஸ்நானம் இல்லையே.”

ரூபவதி சைலஸிடமே கேட்டார். “கிருபை இவளுக்காக ஜெபம் பண்ணுவாளா?”

“வயித்துல கை வச்சுக்கிட்டுதான் தூங்குவா. வார்த்தையா ஒண்ணும் சொல்லமாட்டா. பெருமூச்சு விடுவா, அவ்வளவுதான்.”

“அதை ஆண்டவர் கேட்டிருப்பார்.”

பிறகு நத்தானியேலைப் பார்த்தார்.

“ஞானஸ்நானத்தை நாம அசட்டை பண்ணக்கூடாது சார். அது கிடைக்காமப் போன பிள்ளையை அவர் அசட்டை பண்ணுவார்னு எங்கேயும் எழுதியில்ல.”

பீடத்து மெழுகுவர்த்திகள் வைத்திருந்த மரப்பெட்டியை ரூபவதி காலி செய்தார். திருவிருந்துப் பாத்திரங்களை மூடும் வெள்ளைத் துணியை உள்ளே விரித்தார். பிள்ளையைக் கிடத்தினார். ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் அங்கியை எடுத்து உடுத்திக்கொண்டார்.

மணியடிக்கும் யோபு வந்து நின்றார்.

“எத்தனை அடிக்கணும்மா? வயசுக்கு ஒண்ணுன்னுதானே அடிக்கிறது.”

நத்தானியேலுக்குக் கணக்கு உடனே வந்தது. பூஜ்யம். அவர் அதைச் சொல்லவில்லை.

“நான் போதும்னு சொல்லி அனுப்புற வரைக்கும் அடிங்க” என்றார் ரூபவதி.

மணி ஒலிக்கத் தொடங்கியது. தெருவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் போய்விட்டார்கள் என்று தெரியாமல் எழுந்து நின்றார்கள்.

சைலஸ் பெட்டியைத் தூக்கக் குனிந்து, தூக்காமலே நிமிர்ந்தான்.

“சார், நீங்க தூக்குங்க” என்றார் ரூபவதி.

நத்தானியேல் பெட்டியைத் தூக்கினார். ஒரு கணம், பிள்ளையை உள்ளே வைக்க மறந்துவிட்டார்களோ என்று தோன்றியது. பெட்டியின் கனம் மட்டுமே இருந்தது.

தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு மணல் பாதை. ரூபவதி முன்னால் நடந்தார். சைலஸ் பெட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தபடி கூடவே வந்தான்.

நத்தானியேல் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துப் பாடம் நடத்தியவர். இதுக்கு நீளம் கிடையாது, அகலம் கிடையாது, ஆனா இது இருக்கு என்று சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தொழுவத்துக்கு முந்திய மாதங்களை அவர் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது நினைத்தார். நாசரேத்தில் ஒரு பெண், ஆண்டவரை வயிற்றில் சுமந்தபடி, தண்ணீர்க் குடத்தோடு நடந்து போயிருப்பாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள், குடம் இடிக்காமல் இருக்க. வேறு எதற்காகவும் இல்லை.

அவருடைய நடை மெதுவானது. மணல் வழுக்குகிற இடங்களில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் செயலர் அருமைநாயகம் நின்றிருந்தார். மணிச் சத்தம் கேட்டு வேகமாக வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

“யாருக்கு அடக்கம்?”

“சைலஸ் மகளுக்கு” என்றார் ரூபவதி.

“அம்மா, இது வழக்கமில்ல. நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க.”

“கேக்கட்டும் ஐயா.”

“நான் ஈவு இரக்கம் இல்லாம பேசல. இந்தப் பையனைப் பார்த்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கல்லறைன்னா மனுஷங்களுக்கு.” அவர் நத்தானியேல் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவரு, நீங்களாவது சொல்லுங்க சார். அதுல அப்படி என்ன இருக்கு?”

நத்தானியேல் ரூபவதியைப் பார்த்தார். காற்றில் அவருடைய அங்கி படபடத்தது.

நத்தானியேல் பெட்டியை நீட்டினார்.

“பிடிச்சுப் பாருங்க ஐயா.”

அருமைநாயகம் தயங்கினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததால் வாங்கிக்கொண்டார்.

வாங்கியவுடன் அவர் முகம் மாறியது.

“கனமே இல்லையே சார்.”

“ஆமாங்கய்யா” என்றார் நத்தானியேல். “ஆண்டவரும் ஒரு காலத்துல இதைவிட லேசா இருந்தார்.”



அருமைநாயகம் பெட்டியைப் பார்த்தார். சைலஸைப் பார்த்தார். நத்தானியேல் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

அருமைநாயகம் தரவில்லை.

செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே அவரே முன்னால் நடந்தார்.