பத்து விரல் அணிவகுப்பு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவரே இன்னொருவர் சொல்லக் கேட்டவர்தான். அதனால் பெயர்களுக்கு நான் பொறுப்பில்லை. கணக்குக்கு மட்டும் பொறுப்பு.

வெகு காலத்துக்கு முன் மருதங்காட்டைக் கொங்கராயர் என்றொரு ராசா ஆண்டார். மிச்சம் என்றாலே அவருக்கு ஆகாது. திருவிழா அணிவகுப்பில் அவர் எத்தனை விரல் காட்டுகிறாரோ, வரிசைக்கு அத்தனை வீரர்கள் நிற்க வேண்டும். கடைசி வரிசை நிறையாவிட்டால், அதில் நின்றவர்களைத் தரித்திரம் பிடித்தவர்கள் என்று எல்லைக்கு வெளியே துரத்திவிடுவார். போன வருடம் மூன்று பேர் அப்படிப் போனார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் அழுததை மந்திரி இளநாகரால் மறக்க முடியவில்லை. இந்த வருடம் ஆள் எண்ணிக்கையைத் தன்னிடம் விடும்படி ராசாவிடம் கேட்டார். மிச்சமே விழாவிட்டால் அந்த வழக்கத்தையே கைவிட வேண்டும் என்றார். விழுந்தால் அவர்களோடு நீரும் நடையைக் கட்டும் என்றார் ராசா.

இளநாகர் யோசித்து யோசித்து, இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பேர் போதும் என்று சொன்னார். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணால் வகுத்தாலும் அதில் மீதி வராது. அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியதும் அதுதான்.

தளபதி பூவராகருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். விழா அன்று காலையில் ஒரு வீரனை யானைக் கொட்டிலில் ஒளித்து வைத்துவிட்டார்.

ராசா பத்து விரலையும் விரித்தார். கடைசி வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். இளநாகர் அவர்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"கவலை வேண்டாம் மந்திரியாரே," என்றார் பூவராகர். "நீங்களும் சேர்ந்தால் பத்து. எல்லை வரை ஒழுங்கான வரிசையாகவே போகலாம்."

அந்தக் கேலிதான் இளநாகருக்குக் கைகொடுத்தது. ஒருவர் சேர்ந்தால் நிறைகிறதா? வேறு விரல்கள் காட்டும்படி ராசாவைக் கெஞ்சினார். ராசா ஏழு காட்டினார். கடைசியில் ஆறு பேர். நாலு காட்டினார், மூன்று பேர்.

"அரசே, இவர்கள் மிச்சமில்லை. எத்தனை விரல் காட்டினாலும் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருக்கிறது. யாரோ ஒருவன் வரவில்லை. நம்பாவிட்டால் தளபதியாரை அந்த இடத்தில் நிற்கச் சொல்லிப் பாருங்கள்."

ராசாவுக்கு இது புது விளையாட்டாகப் போயிற்று. விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினார். பூவராகர் கவசத்தோடு வெயிலில் ஓடி ஓடிக் கடைசி இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறையும் வரிசை நிறைந்தது. ராசா மறுபடி கையைத் தூக்கியபோது, பூவராகர் ஆள் யானைக் கொட்டிலில் இருக்கிறான் என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி இளநாகர் கழுத்தில் போட்டார். வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

"தளபதியாரே, போன வருடம் துரத்திய மூவரையும் நீரே நடந்துபோய் அழைத்து வாரும்," என்றார். "திரும்பும்போது நாலு பேர். வரிசை நிறைவாகவே இருக்கும்."

கதையைக் கேட்ட பிறகு நானே வகுத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன். அந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. பூவராகர் யாரையும் ஒளித்திருக்கவே வேண்டாம், வரிசைக்குப் பதினொரு பேர் என்று ராசாவைச் சொல்ல வைத்திருந்தால் போதும். நல்லவேளை, ராசாவுக்குப் பத்து விரல்தான்.