ஆர்டருக்கு முந்தி வந்த அல்வா

பர்வீனுக்கு அன்றைக்கு டீயே இறங்கவில்லை. தீபாவளி விற்பனைக்காக ஒரு மிட்டாய்க் கடைக்கு அவர்கள் கட்டிக்கொண்டிருந்த இணையதளத்தில் காலையில் ஓட்டையைக் கண்டுபிடித்தது அவள்தான். யாராவது ஆர்டர் போட்டால், 'ஆர்டர் வந்திருக்கு' என்ற தகவல் கடையின் சமையற்கட்டுக்குத் தானாகப் போய் மணியடிக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குக் கடைக்காரர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அதை எழுதியவர் ஞானதிரவியம். வயதில் மூத்தவர், திருநெல்வேலிக்காரர். எல்லார் முன்னாலும் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று அவளுக்கு உறுத்தல்.

அவரோ கேன்டீனில் வடையைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"தகவல் போகலையாம்! முந்தின கம்பெனியில ஒரு அல்வாக் கடைக்குக் கட்டுனேன் பாருங்க, அதுல தகவல் பாயும்! பட்டனை அமுக்குன விரலை எடுக்கல, அங்க அடுப்புல நெய் காயுது."

"அப்புறம்?" என்று கொக்கி போட்டான் பக்கத்து சீட்டுத் தணிகை.

"இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டேன். தச்சநல்லூர்ல ஒருத்தர் அல்வா சாப்பிடணும்னு நினைச்சு செல்போனைத் தேடுதாரு, வாசல்ல பார்சல் நிக்குது. தின்னு கை கழுவிட்டு வந்துதான் ஆர்டரே போட்டாரு!"

"தின்னுட்டுப் போடாம விட்டிருந்தா?"

"போடமாட்டாருன்னா அந்தத் தகவல் அதுக்கும் முந்தியே வந்திருக்குமே! அல்வாவே கிண்டியிருக்க மாட்டோம்லா."

டம்ளரோடு வந்த டீம் லீடர் சௌந்தரம் நின்றாள். "தீபாவளிக் கூட்டத்தை எப்படிச் சமாளிச்சீங்க?"

"எல்லா ஆர்டரையும் வரிசையில நிப்பாட்டுனேன் மேடம். வரிசை நீண்டு நீண்டு, கடைசி ஆர்டர் பொங்கல்ல போய் நின்னுட்டு. பொங்கல் ஆர்டரெல்லாம் 'இது எங்க இடம்'னு சண்டைக்கு வந்துட்டு. நான்தான் நடுவுல புகுந்து சமாதானம் பண்ணுனேன்."

"சர்வர் படுத்திருக்குமே?"

"படுக்கப் போறேன்னு முந்தின வாரமே அது தகவல் சொல்லிட்டு. தலையணை வாங்கிக் குடுத்தோம். ஆசை தீரப் படுத்து எந்திரிச்சு வேலைக்கு வந்துட்டு."

பர்வீனால் அடக்க முடியவில்லை. "அப்படின்னா அண்ணே, நாளைக்குக் காட்ட வேண்டியது நேத்தே ஓடியிருக்கணுமே?"

பர்வீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞானதிரவியம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்தே ஓடிச்சேம்மா! நீ சாயங்காலம் கண்டுபிடிக்கப் போற அடுத்த தப்பைத்தான் காலையில இருந்து திருத்திக்கிட்டிருக்கேன்."

கேன்டீனே சிரித்தது. அவர் எழுந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லவேளை இன்னைக்கே பிடிச்ச. நாளைக்குக் கடைக்காரர் முன்னால பல்லிளிச்சிருக்கும். வா, சேர்ந்து பாப்போம்" என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உட்கார்ந்து பார்த்ததில் விஷயம் சின்னதுதான். தகவலுக்கு இவர் ஒரு பெயர் வைத்துக் கூவிக்கொண்டிருந்திருக்கிறார். சமையற்கட்டு வேறொரு பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. பெயரைச் சரிசெய்ததும், சமையற்கட்டுக்கென்று பக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் மணி அடித்தது. பர்வீன் விடாமல் ஆர்டர் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அடித்தது.

மறுநாள் கடைக்காரர் வந்தார். மைசூர்பாக்குக்கு ஆர்டர் போட்டார். உடனே மணி அடித்தது. "அட, இவ்வளவு வேகமா!" என்று அசந்துபோனார்.

ஞானதிரவியம் வாயைத் திறந்தார். அதற்குள் பர்வீன் முந்திக்கொண்டாள்.

"வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கோம் சார். இல்லேன்னா நீங்க கடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் வித்துப் போயிருக்கும்."

கடைக்காரர் புருவத்தைத் தூக்கியபடி, மெல்லத் தலையாட்டினார்.

ஞானதிரவியம் பதறிப்போய் அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, கொஞ்சம் அளவாச் சொல்லு. மனுசன் நம்பிறப் போறாரு."